கிரிப்டோ நாணயம்: கையிலிருக்கும் ரூபாய் அளவுக்கு நம்பத்தக்கதா?

"வங்கியில் சும்மா கிடக்கிற பணத்தைக் கிரிப்டோவில் போடலாமே வாப்பா. அரசாங்கமும் இல்லை, வங்கியும் இல்லை, வட்டியும் இல்லை" என்கிறான் மகன். "கண்ணால் பார்க்க முடியாத காசை எப்படியப்பா நம்புவது?" என்று கேட்கிறார் வாப்பா. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணம், மகளின் திருமணத்துக்கு எடுத்து வைத்த தொகை, ஹஜ்ஜுக்கான சேமிப்பு என எதைப் பற்றிப் பேசினாலும் இன்று நம் வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது.

இருவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. வாப்பா நம்பும் ரூபாயும் ஒரு காலத்தில் புதுமையாக இருந்ததுதான். மகன் நம்பும் கிரிப்டோவில் பலர் வாழ்நாள் சேமிப்பை இழந்திருப்பதும் உண்மைதான். எனவே ஆர்வத்தையும் அச்சத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்போம்.

பணத்துக்கு நான்கு கேள்விகள்

ஒரு பணம் நம்பத்தக்கதா என்று அறிய நான்கு கேள்விகள் போதும். இன்று இதற்கு இருக்கும் மதிப்பு நாளையும் இருக்குமா? மளிகைக் கடையிலும் மருத்துவமனையிலும் இதை வாங்கிக்கொள்வார்களா? தொலைந்தாலோ திருடு போனாலோ மீட்க வழி உண்டா? தவறு நடந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

பழங்காலத்தில் முதல் கேள்விக்குப் பொன்னும் வெள்ளியும் பதிலாக இருந்தன. உமையா கலீஃபா அப்துல் மலிக் அவர்கள் ஹிஜ்ரி 77ஆம் ஆண்டில் வெளியிட்ட தீனார் சுமார் 4.25 கிராம் தங்கம். அந்த நாணயத்தை உருக்கினாலும் அதன் மதிப்பு போகாது. ஆனால் உலோகம் மட்டுமே பணமாக முடியும் என்று நம் முன்னோர் கருதவில்லை. மக்கள் தோலைப் பணமாகப் புழங்கினால் அதற்கும் நாணய மாற்றின் சட்டங்கள் பொருந்தும் என்ற கருத்தை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தெரிவித்துள்ளார்கள். மக்களின் பொது ஏற்பே ஒரு பொருளைப் பணமாக்குகிறது என்ற விளக்கம் இதிலிருந்து பிறக்கிறது. கிரிப்டோ குறித்து இன்று நடக்கும் விவாதத்துக்கும் இதுவே அடிப்படை.

ரூபாய் நோட்டின் பின்னால் நிற்பது யார்?

நம் கையிலுள்ள 500 ரூபாய் நோட்டு, பொருள் என்ற அளவில் ஒரு காகிதம். அதைக் கொண்டுபோய் ரிசர்வ் வங்கியிடம் தங்கம் கேட்க முடியாது. உலக அளவிலும் அந்தக் கதவு 1971 ஆகஸ்ட் 15 அன்று மூடப்பட்டுவிட்டது. பிற நாடுகளின் மத்திய வங்கிகள் தரும் டாலருக்குத் தங்கம் கொடுப்பதை அமெரிக்க அதிபர் நிக்சன் அன்று நிறுத்தினார்.

அப்படியானால் ரூபாயைத் தாங்குவது எது? முதலாவது சட்டம். ரிசர்வ் வங்கிச் சட்டப்படி ரூபாய் நோட்டு இந்தியா முழுவதும் செல்லுபடியாகும் பணம். அரசுக்கு வரி கட்டுவதும் அதில்தான். இரண்டாவது, பொறுப்பேற்கும் அமைப்பு. விலைவாசி உயர்வை 4 சதவீதத்தை ஒட்டி, 2 முதல் 6 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்ற கடமை ரிசர்வ் வங்கிக்குத் தரப்பட்டுள்ளது. மூன்றாவது காப்பீடு. ஒரு வங்கி திவாலானாலும், அந்த வங்கியில் ஒருவர் வைத்திருக்கும் வைப்புத்தொகையில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை இந்த வரம்பு 1 லட்சமாகத்தான் இருந்தது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்குப் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி ஓர் எடுத்துக்காட்டு. 2019 செப்டம்பரில் அந்த வங்கி முடக்கப்பட்டபோது, வாடிக்கையாளர்கள் முதலில் 1,000 ரூபாய் மட்டுமே எடுக்க அனுமதிக்கப்பட்டார்கள். பலருக்கு அது பெரும் துயரமாக முடிந்தது. பின்னர் அந்த வங்கி வேறொரு வங்கியுடன் இணைக்கப்பட்டு, 5 லட்சம் வரையிலான தொகை முதலிலும், பெருந்தொகை வைத்திருந்தவர்களின் மீதம் பல ஆண்டுகளில் தவணையாகவும் கிடைக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. தாமதமும் வேதனையும் இருந்தன. ஆனால் கேட்பதற்கு ஒரு கதவு இருந்தது.

கிரிப்டோ எப்படி இயங்குகிறது?

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒரு கட்டுரை இணையத்தில் வெளியானது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. வங்கி என்ற இடைத்தரகர் இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாக மின்னணுப் பணம் அனுப்பும் வழியை அக்கட்டுரை விளக்கியது. 2009 ஜனவரி 3 அன்று பிட்காயின் இயங்கத் தொடங்கியது.

இதை ஜமாஅத்தின் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். வழக்கமாக அந்தப் புத்தகம் செயலாளரிடம் மட்டும் இருக்கும். அவர் ஒரு வரியைத் திருத்தினால் மற்றவர்களுக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக மஹல்லாவின் எல்லா வீட்டிலும் அதே புத்தகத்தின் நகல் இருந்து, ஒவ்வொரு வரவு செலவும் எல்லா நகலிலும் ஒரே நேரத்தில் எழுதப்பட்டால்? யாரும் தனியாகத் திருத்த முடியாது. பிளாக்செயின் என்பது இதுதான். உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இந்தப் பேரேடு இருக்கிறது. சுமார் 10 நிமிடங்களுக்கு ஒரு முறை புதிய பக்கம் சேர்கிறது.

பிட்காயின்களின் மொத்த எண்ணிக்கை 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாதபடி விதி எழுதப்பட்டுள்ளது. புதிய பக்கத்தைச் சேர்ப்பவருக்குத் தொடக்கத்தில் 50 பிட்காயின் பரிசாகக் கிடைத்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை அது பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரல் முதல் 3.125 ஆகியுள்ளது. நினைத்தபோதெல்லாம் நோட்டு அச்சிடும் அரசுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பெரிய ஈர்ப்பு.

பிட்காயினின் இந்த அடிப்படைப் பேரேட்டில் பொய்க் கணக்கு எழுதி அதை நிலைநிறுத்த இதுவரை யாராலும் முடிந்ததில்லை. கிரிப்டோ ஆதரவாளர்கள் சொல்வதில் இது உண்மை. அப்படியென்றால் மக்கள் எங்கே பணத்தை இழந்தார்கள்?

பேரேடு உறுதி; வாசல் பலவீனம்

பெரும்பாலோர் பிட்காயினை நேரடியாக வைத்திருப்பதில்லை. எக்ஸ்சேஞ்ச் எனப்படும் நிறுவனங்களின் செயலியில் கணக்குத் தொடங்கி, ரூபாயைக் கொடுத்து வாங்கி, அங்கேயே விட்டுவைக்கிறார்கள். இடைத்தரகர் வேண்டாம் என்று தொடங்கிய பயணம், வங்கியைவிடக் கண்காணிப்புக் குறைந்த ஓர் இடைத்தரகரிடம் போய் நிற்கிறது.

ஜப்பானில் இருந்த மவுண்ட் காக்ஸ் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய பிட்காயின் சந்தை. 2014 பிப்ரவரியில் அது முடங்கியபோது சுமார் 8 லட்சத்து 50 ஆயிரம் பிட்காயின்கள் காணாமல் போயிருந்தன. அதில் சுமார் 2 லட்சம் பின்னர் கண்டெடுக்கப்பட்டது.

2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். நிறுவனம் சில நாட்களுக்குள் சரிந்தது. வாடிக்கையாளர்களின் பணம் அதன் நிறுவனரின் இன்னொரு நிறுவனத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது. நிறுவனர் சாம் பேங்க்மேன் ஃபிரைடுக்கு 2024 மார்ச்சில் அமெரிக்க நீதிமன்றம் 25 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

நம் நாட்டில், 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கும் அதிகமான மதிப்புள்ள கிரிப்டோ திருடப்பட்டது. பணம் எடுப்பது நிறுத்தப்பட்டது. சிங்கப்பூர் நீதிமன்றத்தின் வழியாகத் தீர்வு காணப்பட்டு, 2025 அக்டோபரில்தான் அந்தத் தளம் மீண்டும் இயங்கியது. மருத்துவச் செலவுக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ அந்தப் பணத்தை நம்பியிருந்தவர்கள் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு என்ற ஒன்று கிடையாது.

"எக்ஸ்சேஞ்சை நம்பாமல் நானே வைத்துக்கொள்கிறேன்" என்றால் அதற்கும் வழி உண்டு. பிரைவேட் கீ எனப்படும் இரகசியச் சாவியை நாமே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சாவி தொலைந்தால் நாணயமும் போயிற்று. பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று சொல்ல ஒரு கிளை மேலாளர் அங்கே இல்லை. பிரிட்டனின் நியூபோர்ட் நகரில் ஒருவர், ஆயிரக்கணக்கான பிட்காயின்களின் சாவி இருந்த கணினி வட்டு 2013இல் தவறுதலாகக் குப்பைக் கிடங்குக்குப் போய்விட்டதாகக் கூறிப் பல ஆண்டுகள் போராடினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவரது வழக்கைத் தள்ளுபடி செய்தது.

திருமணத் தேதி காத்திருக்காது

முதல் கேள்வியான மதிப்பு நிலைப்புக்கு வருவோம். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் சுமார் 69,000 டாலர். ஓராண்டு கழித்து, 2022 நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே போனது. 2024 டிசம்பரில் 1 லட்சம் டாலரைத் தாண்டியது. 2025 அக்டோபரில் மேலும் ஏறி, அடுத்த மாதமே 90,000 டாலருக்குக் கீழே இறங்கியது.

இதைப் பார்த்து, "பொறுமையாக இருந்தவர்கள் லாபம் பார்த்தார்களே" என்பார்கள். உண்மைதான். ஆனால் மகளின் திருமணத்துக்காக 2021 நவம்பரில் 4 லட்சம் ரூபாயை அதில் போட்ட ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். 2022 நவம்பரில் நிக்காஹ் என்றால் கையில் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 1 லட்சம். இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்திருந்தால் லாபம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல முடியுமா? தேதி குறிக்கப்பட்ட தேவைக்கான பணமும், வருடக்கணக்கில் தேவைப்படாத பணமும் ஒன்றல்ல.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு மாற்றாக வந்தவைதான் டாலர் மதிப்போடு பிணைக்கப்பட்ட ஸ்டேபிள்காயின்கள். ஆனால் டெர்ரா யு.எஸ்.டி. என்ற ஸ்டேபிள்காயின் 2022 மே மாதத்தில் சில நாட்களில் சரிந்து, அதன் துணை நாணயமான லூனாவோடு சேர்த்துச் சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு காற்றில் கரைந்தது. வங்கி இருப்பின் ஆதரவோடு இயங்கும் யு.எஸ்.டி.சி.கூட, 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி வீழ்ந்தபோது 1 டாலரிலிருந்து 90 சென்ட்டுக்கும் கீழே இறங்கி, பின்னர் மீண்டது. எந்த வங்கியை வேண்டாம் என்றார்களோ, அந்த வங்கியே இங்கும் தூணாக இருந்தது.

அரசுப் பணமும் ஏமாற்றியதுண்டு

இவ்வளவும் படித்துவிட்டு ரூபாயும் டாலரும் குறையற்றவை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2016 நவம்பர் 8 இரவு, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதத்தை வகித்த 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஏ.டி.எம். வரிசையில் நின்றது நம் குடும்பங்கள்தான்.

ஜிம்பாப்வே அரசு 100 லட்சம் கோடி டாலர் மதிப்பிட்ட ஒரே நோட்டை வெளியிட்டது. அப்படியும் விலைவாசியைப் பிடிக்க முடியாமல் 2009இல் தன் நாணயத்தையே கைவிட்டது. இலங்கையில் 2022இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டாலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் விலைவாசி உயர்வு 70 சதவீதத்தை நெருங்கியது. மாதச் சம்பளக்காரர்களும் ஓய்வூதியர்களும் எந்தத் தவறும் செய்யாமலேயே ஏழைகளானார்கள்.

லெபனானின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. வளைகுடாவிலும் பிற நாடுகளிலும் உழைத்த லெபனானியர்கள் தாய்நாட்டு வங்கிகளை நம்பிப் பணம் அனுப்பினார்கள். 2019 இறுதியில் அந்த வங்கிகள் கதவை மூடின. சொந்தச் சேமிப்பை எடுக்கவே மக்கள் போராட வேண்டியதாயிற்று. பல ஆண்டுகளாக 1 டாலருக்குச் சுமார் 1,500 பவுண்டு என்றிருந்த மதிப்பு 89,000 பவுண்டைத் தாண்டியது. இத்தகைய நாடுகளில் சிலருக்குக் கிரிப்டோ புகலிடமாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் பிட்காயினையே நாட்டின் பணமாக்கிப் பார்த்த எல் சால்வடாரின் அனுபவமும் நமக்குத் தேவை. 2021 செப்டம்பர் 7 அன்று பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கிய முதல் நாடு அது. செயலியில் பதிவு செய்த குடிமக்களுக்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் தரப்பட்டது. ஆயினும் பெரும்பாலோர் அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்குத் தொடர்ந்து டாலரையே பயன்படுத்தினர். 2025 ஜனவரியில், பிட்காயினை ஏற்பது கட்டாயமில்லை என்று சட்டம் திருத்தப்பட்டது. மக்கள் ஏற்காததைச் சட்டத்தால் மட்டும் பணமாக்க முடியவில்லை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

2018 ஏப்ரலில் கிரிப்டோ தொழிலுக்கு வங்கிச் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை விதித்தது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. எனவே இந்தியாவில் கிரிப்டோ வாங்குவதும் விற்பதும் குற்றமல்ல. ஆனால் அது ரூபாயைப் போல் செல்லும் பணமும் அல்ல.

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வருமான வரியும் அதன் மேல் செஸ்ஸும் உண்டு. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய விற்பனையில் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கப்படும். வரி விதித்ததாலேயே அரசு இதற்கு உத்தரவாதம் தந்துவிட்டது என்று சிலர் பேசுகிறார்கள். வரி வேறு, உத்தரவாதம் வேறு.

2025 அக்டோபரில் வாசிர்எக்ஸ் வாடிக்கையாளர் ஒருவர் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ கரன்சி அல்ல, ஆனால் உடைமையாக வைத்திருக்கக்கூடிய சொத்து என்று கூறியது. ரிசர்வ் வங்கி 2022 டிசம்பரில் பொதுமக்களுக்காகச் சோதனை முறையில் தொடங்கிய டிஜிட்டல் ரூபாயைக் கிரிப்டோவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ரிசர்வ் வங்கியே வெளியிடும் ரூபாயின் மின்னணு வடிவம்.

மார்க்க அறிஞர்களின் பார்வை

இதில் ஒரே கருத்து இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். துருக்கியின் மார்க்க விவகாரத் துறையான தியானத், 2017இல் பிட்காயின் வாங்கி விற்பது பொருத்தமானதல்ல என்றது. 2018 ஜனவரியில் எகிப்தின் தலைமை முஃப்தி ஷவ்கி அல்லாம் அவர்கள் கூடாது என்று ஃபத்வா அளித்தார்கள். இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில், பணமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றும், அடிப்படை மதிப்பும் தெளிவான பயனும் கொண்ட சரக்காக இருந்து நிபந்தனைகளை நிறைவேற்றினால் வியாபாரம் செய்யலாம் என்றும் பிரித்துச் சொன்னது. மலேசியப் பங்குச்சந்தை ஆணையத்தின் ஷரீஆ ஆலோசனைக் குழுவோ, பதிவு பெற்ற சந்தைகளில் டிஜிட்டல் சொத்துகளை வாங்கி விற்பது கொள்கையளவில் ஆகும் என்று 2020இல் முடிவு செய்தது.

தடுப்பவர்கள் கரர் எனும் தெளிவின்மையையும், சூதாட்டத்தை ஒத்த ஊக வணிகத்தையும், பொறுப்பேற்க யாரும் இல்லாததையும் காரணமாகக் காட்டுகிறார்கள். அனுமதிப்பவர்கள், மக்கள் மதிப்புள்ளதாக ஏற்றுப் புழங்குவது சொத்தாகும் என்கிறார்கள். ஆனால் கடன் கொடுத்து நிச்சய வருமானம் பெறும் திட்டங்களும், இல்லாத பணத்தைக் கடனாகப் பெற்றுச் செய்யும் ஃபியூச்சர் வணிகமும் வேறு வகை. "கிரிப்டோவில் வட்டி இல்லை" என்ற மகனின் வாதம் அங்கே நிற்காது. உங்கள் பகுதி ஆலிமிடம் கேட்கும்போது "கிரிப்டோ கூடுமா?" என்று மட்டும் கேட்காமல், எந்த நாணயம், என்ன வகை ஒப்பந்தம் என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

நிச்சய லாபம் என்றாலே விலகுங்கள். கெயின் பிட்காயின் என்ற திட்டம் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதங்களுக்குத் தருவதாகச் சொல்லி இந்தியாவில் பல்லாயிரம் பேரிடம் பணம் திரட்டியது. 2018இல் அதன் தலைவர் கைதானார். பல்கேரியாவிலிருந்து கிளம்பிய ஒன்காயின் உலகெங்கும் 400 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதற்கு உண்மையான பிளாக்செயினே இருக்கவில்லை. இத்தகைய திட்டங்கள் உறவினர், நண்பர், தொழுகையில் பக்கத்தில் நிற்பவர் வழியாகத்தான் வரும். சொல்பவர் நல்லவர் என்பதால் திட்டம் நல்லதாகிவிடாது. அவரும் ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம்.

வளைகுடாவிலிருந்து யு.எஸ்.டி.டி. வாங்கி ஊரில் விற்று ரூபாயாக்கினால் கூடுதல் விலை கிடைக்கும் என்ற ஆலோசனையும் சுற்றுகிறது. முகம் தெரியாதவர் உங்கள் கணக்கில் போடும் பணம் ஏதாவது மோசடியில் வந்ததாக இருந்தால், காவல்துறை உங்கள் வங்கிக் கணக்கையும் முடக்கக்கூடும். சில ஆயிரம் லாபத்துக்காக வீட்டுச் செலவுக் கணக்கே மாதக்கணக்கில் முடங்கும்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் உண்டு. வாலட்டில் அப்படி இல்லை. சாவி உங்களோடு போனால், உங்கள் மனைவி மக்களுக்கு மார்க்கம் தந்த வாரிசுப் பங்கும் போய்விடும். என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதை நம்பகமான ஒருவருக்கு எழுதி வையுங்கள். விற்பதற்காக வைத்திருந்தால் ஜகாத் கணக்கிலும் அன்றைய மதிப்பைச் சேர்ப்பது பற்றி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மோசடிக்கு ஆளானால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரம் மிக முக்கியம்.

தராசில் எது கனம்?

நான்கு கேள்விகளுக்குத் திரும்புவோம். ரூபாயின் மதிப்பு மெல்லத் தேய்கிறது. பிட்காயினின் மதிப்பு ஏறவும் செய்கிறது, ஒரே ஆண்டில் முக்கால்பங்கு சரியவும் செய்கிறது. ரூபாயை எல்லாக் கடையிலும் வாங்குவார்கள். கிரிப்டோவை முதலில் ரூபாயாக மாற்றினால்தான் அரிசி வாங்கலாம். ரூபாய்க் கணக்கில் தவறு நடந்தால் வங்கி, குறைதீர்ப்பாளர், காப்பீடு என்று படிகள் உண்டு. கிரிப்டோவில் அனுப்பியது அனுப்பியதுதான். அரசின் தலையீடு இல்லாமை, எண்ணிக்கைக் கட்டுப்பாடு, எல்லை தாண்டும் வேகம் ஆகியவற்றில் கிரிப்டோ முந்துகிறது.

ஆகவே இன்றைய நிலையில் கிரிப்டோ, பணம் என்ற அளவில் ரூபாய்க்கு நிகரான நம்பகத்தைப் பெறவில்லை. அது ஆபத்து மிகுந்த ஒரு சொத்து. மார்க்க அனுமதி பற்றி மனநிறைவு பெற்று, வரிச் சட்டத்தை அறிந்து, முழுதும் போனாலும் குடும்பம் தள்ளாடாத தொகையை மட்டும் ஒருவர் அதில் வைப்பது அவரவர் முடிவு. ஆனால் மஹர், திருமணம், மருத்துவம், ஹஜ் ஆகியவற்றுக்காகச் சேர்த்த பணமும், பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமும் அங்கே போகக் கூடாது.

அடுத்த முறை மகன் கேட்டால் திட்டி அனுப்பாதீர்கள் வாப்பா. பக்கத்தில் உட்காரவைத்து, அந்த நான்கு கேள்விகளையும் அவனிடமே கேளுங்கள். அல்லாஹ் மிக அறிந்தவன்.